நாலு விரல் தூரம்

அவரை எல்லோரும் உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உருண்டை இல்லை. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. பெல்ட்டில் கடைக்காரன் போட்ட ஓட்டைகள் போதாமல் அவரே ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டிருப்பார். பெயரைக் கேள்விப்பட்டு முதல்முறை டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் குண்டாக யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, கடைசியில் அவரிடமே வந்து, "உருண்டை சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். மேசைமேல் இருக்கும் உலக உருண்டையை அவர் ஒரு தட்டுத் தட்டி, "இதோ இருக்காரே. நான் அவருக்கு அசிஸ்டென்ட்" என்பார். இருபத்தாறு வருடமாக இதே பதில். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்ததோ இல்லையோ, சொல்கிற அவருக்கு ஒவ்வொரு தடவையும் வந்தது.

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. ஒரு பக்கம் செருப்புத் தைக்கும் கடை, இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் கடை. உள்ளே இரண்டு மேசை, சுவரில் நாலு கடிகாரம். அதில் ஒன்று நின்றுபோய் ஆறு வருடம் ஆகிறது. அந்த ஊருக்கு இப்போது யாரும் போவதில்லை என்பதால் அதற்கு யாரும் பேட்டரி மாற்றவில்லை. இரண்டாவது மேசையில் ஒரு பெண்மணி. கம்ப்யூட்டரில் அவள் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் மெஷின் மேடம்.

தூரத்தை உருண்டை அளப்பது விரலால். அவருடைய உலக உருண்டையில் ஒரு விரல் அகலம் என்பது ஏறத்தாழ எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். அதாவது விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் தூரம். இது தற்செயலாக அமைந்தது. உலக உருண்டை கொஞ்சம் பெரிதாக இருந்தாலோ, அவர் விரல் கொஞ்சம் தடித்திருந்தாலோ கணக்கு உதைத்திருக்கும். சிவப்பு நூல் ஒன்றை இந்த ஊரில் ஒரு நுனி, அந்த ஊரில் ஒரு நுனி என்று இழுத்துப் பிடிப்பார். "தட்டையான படத்துல நேரா போற மாதிரி இருக்கும். இதுல பாருங்க, நூல் மேல ஏறிப் போகுது. அதுதான் குறுக்கு வழி. பைலட் சுத்தி இழுக்கலை" என்பார். பிறகு நூலின்மேல் விரல்களை வரிசையாக வைத்து எண்ணிக்கொண்டே போவார். பதினோரு விரல், பதினோரு மணி நேரம். மெஷின் மேடம் திரையில் பார்த்து, "பத்தே முக்கால்" என்பாள். "பதினோரு விரல்னு சொன்னேன்ல" என்பார், கால் மணி நேரத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல்.

டிக்கெட் வைக்கும் உறையின்மேல் அவர் கையால் சிவப்பு மையில் மூன்று வரி எழுதுவார். முதல் வரி, பறக்கும் நேரம். இரண்டாவது, வாசலுக்கு வாசல். வீட்டைப் பூட்டிய நேரத்திலிருந்து அங்கே போய் மணி அடிக்கும் நேரம் வரைக்கும் உள்ள முழுக் கணக்கு அது. வாடகை வண்டி, வரிசை, பெட்டி வர நின்ற நேரம் எல்லாம் அதில் சேர்த்தி. "விமானக் கம்பெனிக்காரன் சொல்றது அவன் பறக்கிற நேரம். நீங்க படப்போறது இது" என்பார். மூன்றாவது வரி எல்லோருக்கும் கிடையாது. கடல் நடுவே இருக்கும் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மட்டும்: நாள் மாறும், ஜாக்கிரதை.

இதோடு விட்டிருந்தால் அவர் ஒரு நல்ல டிக்கெட்காரர், அவ்வளவுதான். அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. போகிறவர் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்பார். போன் வந்தால்தான் சீட்டு பையைவிட்டு வெளியே வரும், வந்த எண்ணும் அதில் ஏறி, மேசைமேல் நிற்கும் கம்பியில் குத்தப்படும். வராவிட்டால் அது அவரோடு வீட்டுக்குப் போகும், மறுநாள் திரும்பி வரும், சட்டை துவைக்கப்போனால் அடுத்த சட்டைக்கு மாறும். ஒரு தச்சர் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் பதினோரு நாள் கழித்துத்தான் போன் பண்ணினார். அந்தப் பதினோரு நாளும் உருண்டைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பிளைட் பத்திரமா இறங்கினது பேப்பர்லயே தெரியுமே, அந்த மனுஷன் மட்டும் எங்க கீழ விழுந்திருப்பாரு?" என்று மனைவி கேட்டாள். "விழலைம்மா. ஆனா அவரு வாயால சொல்லலையே" என்றார்.

மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, திரைச்சீலை என்று கேட்டது எல்லாம் தைப்பாள். அந்தச் சிவப்பு நூலும் அவள் டப்பாவிலிருந்து போனதுதான். "உங்க சட்டைப் பையில பாதி ஊரே இருக்கு. அதான் பட்டன் நிக்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே அந்தப் பையை மட்டும் இரட்டைத் தையல் போட்டுத் தருவாள்.

இப்படி ஊரையெல்லாம் பறக்கவிட்டவர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. முதலில் வசதி இல்லை. பிறகு நேரம் இல்லை. அதற்கும் பிறகு, இத்தனை வருடம் பேசியவர் இன்னும் ஏறவில்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற வெட்கம். "மேல போனா காது அடைக்குமா சார்?" என்று யாராவது கேட்டால், "மிட்டாய் வாயில போட்டுக்குங்க" என்பார். யாரோ சொன்னதை அவர் இன்னொருவருக்குச் சொன்னார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரே மகளை வேலைக்கு அனுப்பினார். பாலங்களின் பலத்தைச் சோதிக்கும் வேலை. அந்த ஊர் பதினாலாயிரம் கிலோமீட்டர், நூலில் பதினாறரை விரல். அந்த உறையை அவர் இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதினார். மெஷின் மேடம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு முப்பத்தொரு மணி நேரம் பையில் இருந்தது. அவ்வளவு கனமான காகிதத்தை அவர் அதற்கு முன்னால் சுமந்ததில்லை.

போன வருடம் தையல்காரி படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரல் வரை போய்விட்டது. பிழைத்தாள். எட்டு மாதம் கழித்து மகள் போன் பண்ணினாள். கூட வேலை செய்கிற பையன், பேசி முடிவு செய்துவிட்டார்கள், பதிவு அலுவலகத்தில் கல்யாணம், வெள்ளிக்கிழமை பதினோரு மணி. "ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும்மா. ஒண்ணு நீதான் போடணும். உன் கையெழுத்து இல்லாம எனக்கு அது கல்யாணமாவே தோணாது" என்றாள்.

டாக்டர் கையை விரித்தார். "ஒரே இருப்புல நாலு மணி நேரத்துக்கு மேல இந்தக் காலைத் தொங்கப்போட்டு உக்காரக் கூடாது. பதினாறு மணி நேரம்னா நான் பொறுப்பில்லை" என்றார். வெளியே வந்ததும் தையல்காரி, "போன்ல பார்த்துக்கலாம் விடுங்க. இப்பதான் எல்லாம் போன்லயே தெரியுதே" என்றாள். அன்று முழுக்க ஒரு சீருடைக்குக் கைப்பட்டியை மாற்றி மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தாள். அவள் அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் அலுவலகத்தில் அவர் வேலை எதுவும் பார்க்கவில்லை. நூலை எடுத்து மகள் ஊர் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்த கை தானாக உலக உருண்டையின்மேல் போய் உட்கார்ந்தது. கட்டைவிரலை விட்டால் ஒரு கையில் நாலு விரல். நாலு மணி நேரம்.

கையைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் வைத்தார். மறுபடியும். நூல் போன நேர்வழியில் நாலு விரலுக்கு ஒருமுறை இறங்க ஊர் இல்லை, பாதி தண்ணீர், பாதி பனி. நூலைத் தளர்த்தி, மேற்கே தீவு தீவாகக் கீழே இறக்கினார். பதினாறரை விரல் பதினெட்டானது. ஐந்து தாவல், நடுவில் நாலு ஊர்.

"மேடம், இங்கேருந்து நாலு மணி நேரத்துக்குள்ள பறக்கிறதை மட்டும் எடுங்க" என்றார்.

"சார், இருபத்தொரு மணி நேரத்துல போற டிக்கெட்டு இருக்கு. ஊர் ஊரா இறங்கி நாள் கணக்காப் போகப் போறீங்களா?"

"ஆமா. உலகத்துலேயே மெதுவான டிக்கெட் ஒண்ணு போடுங்க."

டாக்டரிடம் கையைக் காட்டி விளக்கினார். அவர் சிரித்துவிட்டு, மருந்து எழுதி, அழுத்தமான காலுறை போடச் சொல்லி, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு ஒரு முழு நாள் ஓய்வு என்று நிபந்தனை போட்டுச் சம்மதித்தார். ஓய்வெடுக்க நாலு ஊரிலும் இடம் வேண்டுமே. உருண்டை கம்பியில் குத்தியிருந்த பழைய சீட்டுகளைக் கழற்றி மேசையில் பரப்பினார். அந்த நாலு ஊரிலும் அவருக்கு ஆள் இருந்தது. "இருபத்தாறு வருஷமா நாம போன் பண்ணுன்னு சொன்னோம். இப்ப நாம பண்ணுவோம்" என்று மெஷின் மேடத்திடம் சொல்லிவிட்டு, கூச்சத்தோடு முதல் எண்ணை அழுத்தினார். நாலு பேரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்?

ஒரு புதன்கிழமை கிளம்பினார்கள். விமானத்தில் உட்கார்ந்ததும் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று தெரியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். தையல்காரி ஒரே பார்வையில் கொக்கியின் சூட்சுமத்தைப் பிடித்து இருவருக்கும் மாட்டிவிட்டாள். "இதுக்கு முன்னால ஆயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்களே?" என்றாள். "வாயால சொன்னேன்" என்றார். காது அடைத்தது. மிட்டாய் போட்டும் அடைத்தது. இத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறோமே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

முதல் ஊரில் அந்தப் பதினோரு நாள் தச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். இப்போது தலை நரைத்துவிட்டது. வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக, தானே செய்த மடக்கு முக்காலி ஒன்றைத் தையல்காரியின் காலுக்கு அடியில் வைத்தார். "உங்க கால் உயரம் தெரியாது, அதான் மூணு நிலை வெச்சுருக்கேன். கையிலயே கொண்டுபோங்க" என்றார். பிறகு உருண்டையைப் பார்த்து, "அந்தப் பதினோரு நாளுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது. எனக்கு அன்னைக்குப் போன் பண்ணச் சொல்றதுக்கு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. அதைப்போய் மறந்தேன் பாருங்க" என்றார். உருண்டை குனிந்து மனைவியின் காலடியிலிருந்த முக்காலியைக் கையில் எடுத்தார். முக்காலியை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, ரொம்ப நல்லா இருக்கு என்றார்.

இரண்டாவது ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை இருவர். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். போகும்போது உருண்டைக்கு முடிவெட்டி, மீசையையும் திருத்தி, மாமனார் களை வந்துவிட்டது என்று கண்ணாடியைக் காட்டினார்கள். மூன்றாவது ஊரில் ஒரு லாரி டிரைவர். லாரியில் கூட்டிப்போக மனசில்லாமல் அக்கம்பக்கத்தில் கார் இரவல் வாங்கி வந்திருந்தார். தையல்காரி ஒவ்வொரு வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. காலை உயரே வைத்துக்கொண்டே அறுந்த பட்டன், கிழிந்த உறை என்று எது கிடைத்தாலும் தைத்துக் கொடுத்தாள்.

இப்படி ஒரு நாள் பறப்பது, ஒரு நாள் ஓய்வு என்று செவ்வாய்க்கிழமை நாலாவது தாவல். உருண்டையின் திட்டப்படி செவ்வாய் சாயங்காலம் இறங்கி, புதன் முழுக்க ஓய்வு, வியாழன் காலை கடைசித் தாவல், வெள்ளி பதினோரு மணிக்குக் கல்யாணம். நாலாவது ஊரில் கூட்டிப்போக வந்தவள் ஒரு நர்ஸ். இருபத்திரண்டு வயதில் அவரிடம் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போனவள், இப்போது நாற்பதைத் தாண்டியிருந்தாள். காரில் ஏறியதும் திரும்பிப் பார்த்து, "நாளைக்குக் காலைலயே பிளைட்டா அண்ணே? அண்ணிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்திருக்கலாமே" என்றாள்.

"நாளைக்கு இல்லம்மா. நாளன்னைக்கு, வியாழக்கிழமை."

"நாளைக்குத்தான் அண்ணே வியாழக்கிழமை. இன்னைக்குப் புதன். நீங்க செவ்வாய்னு எழுதியிருந்தீங்க. பிளைட் நம்பரைப் போட்டுப் பார்த்தா புதன்னு காட்டுச்சு. கை தவறி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்."

உருண்டை விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். நாள் மாறும், ஜாக்கிரதை. எத்தனை உறைகளில் எழுதியிருப்பார். இந்த நாலாவது தாவலில் அவர்கள் கடந்தது அந்தக் கோட்டைத்தான். செவ்வாய் மதியம் ஏறினார்கள், மேற்கே போனதில் கோடு ஒரு நாளை விழுங்கிவிட்டது. டிக்கெட் திரையில் மறுநாள் என்று காட்டும் '+1' சின்னதாக இருந்திருக்கும். அவர்தான் விரலை எண்ணிய குஷியில் நாளை எண்ணவில்லை. தங்கள் இரண்டு பேருக்கும் உறையே எழுதவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தனக்குத்தானே எதற்கு என்று விட்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றியதும் நர்ஸின் முகம் மாறியது. கால் வீங்கியிருந்தது. மறு பேச்சில்லாமல் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக உறைவு எதுவும் இல்லை, வெறும் வீக்கம்தான். ஆனால் காலை உயரே வைத்து முழுதாக ஒரு நாள் படுக்க வேண்டும், வியாழக்கிழமை பறக்கவே கூடாது என்று அங்கிருந்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மகளிடம் போனில் சொன்னார். அவள், "தள்ளி வெச்சுக்கலாம்பா. அடுத்த தேதி ஏழு வாரம் கழிச்சுத்தான் தருவாங்க. பரவாயில்லை" என்றாள். விசா ஒரு மாதத்துக்குத்தான். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "நாந்தான்மா கெடுத்தேன்" என்றார் உருண்டை. கட்டிலிலிருந்து தையல்காரி, "போனை இங்க குடுங்க" என்று வாங்கி, "தேதியெல்லாம் தள்ள வேண்டாம். அப்பா ஏதாவது கண்டுபிடிப்பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை.

நர்ஸ் வீட்டில் உலக உருண்டை கிடையாது. வியாழக்கிழமை காலை கையை மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசித் தாவலும் நாலு விரல்தான். மூன்று மணி ஐம்பது நிமிடம். மகள் ஊர் இன்னும் மேற்கே இருக்கிறது, அங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு ஏறினால், இங்கே பத்து இருபது ஆகும்போது அங்கே எட்டு இருபதுதான். ஒரு நாளை முழுதாக விழுங்கிய பூமி, இரண்டு மணி நேரத்தைச் சில்லறையாகத் திருப்பித் தந்தது. வாசலுக்கு வாசல் போட்டுப் பார்த்தார். பத்து மணிக்கு மகள் வீடு. பதினோரு மணிக்குக் கையெழுத்து.

மெஷின் மேடத்துக்குப் போன் பண்ணினார். எதிர்முனையில் விசைகள் படபடவென்று ஓடும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி ஓடியது. "சார்," என்றாள், "வெள்ளி ஆறரை பிளைட்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. அடுத்தது மதியம் மூணு மணி. அதுல எத்தனை வேணும்னாலும் இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். தையல்காரி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஒண்ணுதான் இருக்கா?" என்றாள். "அப்ப நீங்க போங்க. கையெழுத்து யாருதா இருந்தா என்ன? நான் மதியம் வரேன்."

"அவ கேட்டது உன் கையெழுத்து."

"நீங்க பார்க்க வேண்டாமா? உங்க பொண்ணு கல்யாணம்ங்க."

"நான் எத்தனையோ பேரை அனுப்பி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். எனக்கு அது பழக்கம்தான்" என்றார். "ஒன்பது நாள் இந்தக் காலைத் தூக்கிக்கிட்டு வந்தது நான் பார்க்கிறதுக்கு இல்லை. நீ அங்க நிக்கணும்."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தனியாப் போகத் தெரியாதே" என்றாள். "பெல்ட் போடத் தெரியும்ல. எனக்கே நீதான் போட்டுவிட்டே" என்றார். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நர்ஸிடம் சிவப்புப் பேனா இருந்தது. ஒரு உறையை எடுத்து, இருபத்தாறு வருடத்தில் எழுதியதிலேயே அழகாக எழுதினார். பறக்கும் நேரம் மூன்று ஐம்பது. வாசலுக்கு வாசல் ஏழரை. மூன்றாவது வரியை யோசித்து எழுதினார்: நாள் மாறாது. மணிக்கு ஒருமுறை எழுந்து நட. பிறகு துண்டுச் சீட்டில் மனைவி பெயரை எழுதி, அவள் இரட்டைத் தையல் போட்ட பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வீக்கம் வடிந்திருந்தது. டாக்டர் முந்தின ராத்திரியே காலைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியோடு ஒரு பணிப்பெண் வந்தாள். தையல்காரி மடியில் மடக்கு முக்காலியோடு உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பிறகு ஒருமுறை பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அவர் நாலு விரலைத் தூக்கிக் காட்டினார்.

நர்ஸ் வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார். விமானம் நாற்பது நிமிடம் தாமதம் என்று நர்ஸ் பார்த்துச் சொன்னாள். நாற்பது நிமிடம் என்றால் ஏறத்தாழ முக்கால் விரல். இன்னொருவருக்காக இருந்தால், அது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லியிருப்பார். இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஞாபகம் இருக்கா? மொதல் தடவை வந்தப்ப நடுவுல பிளைட்டைத் தவறவிட்டுட்டேன். எந்தப் பாஷையும் புரியலை. பூத்துலேருந்து உங்களுக்குத்தான் போன் பண்ணேன். அந்தக் கவுன்டருக்குப் போ, இதைச் சொல்லு, திரும்பி வந்து என்ன சொன்னாங்கன்னு சொல்லுன்னீங்க. நான் மூணு தடவை போயிட்டுப் போயிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம். நீங்க போனை வைக்கவே இல்லை" என்றாள். "அன்னைக்கு நீங்க வெச்சிருந்தீங்கன்னா நான் அடுத்த பிளைட்லயே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். இந்த வேலை, இந்த வீடு, எதுவும் இல்லை."

உருண்டைக்கு அது ஞாபகம் இருந்தது. அன்று காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனதும் ஞாபகம் இருந்தது. தான் அப்போது பெரிதாக எதுவும் செய்ததாக அவர் நினைத்ததில்லை. ஒரு சீட்டு பையில் இருந்தது, அது வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். இப்போது, அந்த ஒரு சீட்டுக்காக இவள் தன் மனைவியின் காலை மடியில் உயர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டதையும், தச்சர் மூன்று நிலை வைத்துச் செய்த முக்காலியையும், இரவல் வாங்கிய காரையும் நினைத்துப் பார்த்தார். நன்றி என்ற சொல்லை அவர் டிக்கெட் உறையில் அச்சடித்துத்தான் பார்த்திருக்கிறார். அது நெஞ்சில் இத்தனை இடத்தை அடைக்கும் என்று தெரியாது. "ரொம்ப நன்றிம்மா" என்றார். அவளும் அதையே சொன்னாள். யார் யாருக்குச் சொன்னது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"என்னங்க, வாசலுக்கு வந்துட்டேன்" என்றாள் தையல்காரி. "மூணு தடவை எழுந்து நடந்தேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு பட்டன் தெச்சுக் குடுத்தேன். கால் அப்படியேதான் இருக்கு. நீங்க போட்ட கணக்கைவிட இருபது நிமிஷம் லேட்டு." பின்னால் மகளின் அழுகையும் சிரிப்பும் கேட்டன. ஒரு மணிக்கு மறுபடியும் அடித்தது. மகள் போனை எங்கோ மேசைமேல் வைத்திருக்க வேண்டும். யாரோ எதையோ படித்தார்கள், நாற்காலி நகர்ந்தது. "இங்க போடணுமா?" என்று மனைவி கேட்டது தெளிவாகக் கேட்டது. பிறகு ஒரு சின்ன அமைதி. அவள் எழுத்துக் கூட்டித்தான் கையெழுத்துப் போடுவாள், எப்போதும் நேரம் எடுக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஒவ்வொரு எழுத்தாகப் போடுவதைப் பார்த்தார்.

பையிலிருந்து சீட்டை எடுத்தார். இங்கே குத்திவைக்கக் கம்பி இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் உடையில் வந்து, போகிற வழியில் அவரை விமான நிலையத்தில் விடுவதாகச் சொல்லிவிட்டு, கையை நீட்டினாள்.

"அண்ணியோடதை நீங்க வெச்சுக்குங்க. உங்களோடதை எழுதி என்கிட்ட குடுங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

"நீங்க மட்டும் போய்ச் சேர வேண்டாமா? உங்க போன் வர்ற வரைக்கும் என் பையில இருக்கட்டும்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். எத்தனையோ ஆயிரம் பேரின் பெயரை எழுதிய கை, தன் பெயரின் முதல் எழுத்தில் கொஞ்சம் தடுமாறியது. எழுதி நீட்டினார். அவள் அதை இரண்டாக மடித்துத் தன் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு கார்ச் சாவியைத் தேடப் போனாள்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டு வாசலில் அவர் பெட்டியைக் கீழே வைத்தார். கல்யாண உடையை இன்னும் மாற்றாமல் மகள் ஓடி வந்தாள். பின்னால் மாப்பிள்ளை, முக்காலிமேல் காலை வைத்தபடி தையல்காரி. கட்டிக்கொள்ள வந்த மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டே அவர் இன்னொரு கையை நீட்டி, "ஒரு போன் குடும்மா மொதல்ல" என்றார்.

"வந்ததும் வராததுமா யாருக்குப்பா?"

"குடுடி. அவரு இன்னும் வந்து சேரலை" என்றாள் தையல்காரி உள்ளேயிருந்து.

மகள் போனைக் கொடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் நர்ஸ்.

"போய்ச் சேர்ந்துட்டேம்மா" என்றார் உருண்டை. "என் சீட்டை எடுத்துடு."